ஊசி ஜெயிக்கட்டும்

என் தம்பி சவரம் செய்தால் கன்னத்துக்கே தெரியாது. சும்மா சொல்லவில்லை. ஒருமுறை ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். தம்பி தாடியை எடுத்தான், மீசையை எடுத்தான், துண்டால் துடைத்தும் விட்டான். அவர் கண்விழித்துக் கண்ணாடியைப் பார்த்து, "இந்த ஆளுக்கு அப்புறம்தானே நான்?" என்று கேட்டுவிட்டு மறுபடி பெஞ்சியில் போய் உட்கார்ந்துகொண்டார். இன்னொருவர் கன்னத்தில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. தம்பி அதைக் கலைக்காமல் சுற்றிவர ஷேவ் செய்து, அது பறந்த பிறகு அந்தப் பொட்டு இடத்தையும் முடித்தான். அந்த ஈ அதற்கப்புறம் எங்கள் கடையை விட்டுப் போகவேயில்லை. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். இப்போதும் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. பேத்தி ஈயாக இருக்கும்.

தெருவில் அவனுக்குப் பஞ்சு என்று பெயர். எனக்குப் புளுகர் என்று பெயர். ஏன் என்று எனக்குத் தெரியாது.

கடையில் இரண்டு நாற்காலிகள். தெருவைப் பார்த்த கண்ணாடிச் சுவர் ஓரமாக இருப்பது தம்பியுடையது. கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பது என்னுடையது. அப்போதெல்லாம் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் நான் அவன் நாற்காலியில் போய்ச் சாய்வேன். அவன் முதலில் இடது கையை என் நெற்றியில் வைப்பான். ஆள் பெருமூச்சு விட்டு அடங்கும்வரை அப்படியே வைத்திருப்பான். அதற்கப்புறம்தான் பிரஷ், நுரை, கத்தி எல்லாம். முடிந்ததும் படிகாரக் கல்லைத் தடவி, "எழுந்திருண்ணே, முகம் வெளுத்தது போதும்" என்பான்.

எச்.ஐ.வி. என்று டாக்டர் சொன்ன அன்று அவன் நேராகக் கடைக்குத்தான் வந்தான். கத்தியைக் கழுவித் துடைத்து டிராயரில் வைத்தான். தன் நாற்காலிமேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தினான். "அண்ணே, இனிமே துண்டு துவைக்கிறது என் வேலை" என்றான்.

எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. என் மனைவியும் கேட்கவில்லை. அவள் கேட்காத கேள்வி உலகத்தில் அது ஒன்றுதான். கடைக்கு வருகிறவர்களில் சிலர் வராமல் போனார்கள். அப்புறம் அவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். தலைமுடிக்கு இதெல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு வளர்கிறது.

மாத்திரைகள் அவனைக் காப்பாற்றின. தினமும் காலையில் டீயோடு ஒன்றைப் போட்டுக்கொள்வான். அவன் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று மெஷினே தேடிக் களைத்துப்போகிற அளவுக்கு அது படுத்துவிட்டது. தாராளமாகக் கத்தி எடுக்கலாம், ஆளுக்கொரு புது பிளேடு போடும் கடையில் எந்தப் பயமும் இல்லை என்று டாக்டர் அவனிடமும் சொன்னார், என்னிடமும் சொன்னார்.

"டாக்டர் சொல்லிடுவாருண்ணே" என்றான் தம்பி. "கத்தி என் கையிலதானே இருக்கும்?"

அன்றிலிருந்து நானே எனக்குச் சவரம் செய்துகொள்கிறேன். எத்தனையோ பேர் முகத்தில் தூக்கத்திலேயே ஓடுகிற கை, என் முகம் வந்ததும் பிறத்தியார் வீட்டுக்குள் நுழைந்ததுபோல் தயங்கி நிற்கும். தாடைக்குக் கீழே எப்போதும் நாலு முடியை விட்டுவிடுவேன். தம்பி அதைப் பார்ப்பான். அவன் பார்ப்பதை நான் பார்ப்பேன். துண்டை மடித்துக்கொண்டே திரும்பிக்கொள்வான்.

"ஒரே ஒரு தடவை செஞ்சு விடேன்டா" என்று கேட்டுப் பார்ப்பேன்.

"இதுக்குத் தடுப்பூசி வரட்டும். நீ போட்டுட்டு வா. அன்னிக்குச் செய்யறேன்."

"எப்போடா வரும்?"

"எல்லாத்துக்கும் ஒரு கதை வெச்சிருப்பியே. இதுக்கும் ஒண்ணு சொல்லு."

அதற்கு மட்டும் எனக்குக் கதை வரவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, எதிர்வரிசையில் மெத்தைக்கடை இருந்த மாடிக்கு வெள்ளையடித்து, ஆராய்ச்சி மையம் என்று பலகை மாட்டினார்கள். எச்.ஐ.வி. தடுப்பூசி ஒன்றைச் சோதித்துப் பார்க்கப்போகிறார்கள், நோய் இல்லாத, பதினெட்டிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருக்கிற தொண்டர்கள் தேவை என்று கீழே எழுதியிருந்தது. வயசைத் தவிர மற்ற எல்லாப் பொருத்தமும் எனக்கு இருந்தது. வயசுக்குத்தான் கடையில் சாயம் இருக்கிறதே. தலைக்கு அடித்தேன், மீசைக்கு அடித்தேன், புருவத்துக்கும் அடித்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, "அடுப்புக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு" என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு மாடியேறினேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா. ஒல்லியாக, கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு, தூக்கம் போதாத முகத்தோடு இருந்தார்.

"வயசு?"

"நாப்பத்தொன்பது."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். "காதோரமா ஏதோ கறுப்பா வழியுது."

"வேர்வைம்மா. எங்க குடும்பத்துல அப்படித்தான் வேர்க்கும்."

"பசங்க இருக்காங்களா?"

"மூத்தவனுக்கு நாப்பத்திரண்டு."

"அப்போ உங்களுக்கு ஏழு வயசுல பொறந்திருக்காரு."

"அந்தக் காலத்துல எல்லாம் சீக்கிரமா நடக்கும்மா."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதுக்குப் போய் எதுக்குப் பெரியவரே இவ்வளவு பாடு?" என்று கேட்டார். நான் ஜன்னலைக் காட்டினேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் கடையின் கண்ணாடிச் சுவரும், அதற்குள் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியும் தெரியும். விஷயத்தைச் சொன்னேன். புளுகு கலக்காமல் சொன்னேன். அதனால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

அவர் கொஞ்சநேரம் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்களுக்குப் போட்டாலும் அது உதவாது" என்றார். "பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. அந்த மருந்து காப்பாத்துமாங்கறதும் இன்னும் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்தச் சோதனையே."

"யாருக்கு எதுன்னு அப்போ யாருக்குத்தான் தெரியும்?"

"எங்கேயோ ஒரு கம்ப்யூட்டருக்கு."

"அதுகிட்டச் சொல்லி வைக்க முடியுமா?"

இந்தத் தடவை சிரித்துவிட்டார். ஆனால் வாசல்வரை கூட்டிவந்து விட்டுவிட்டுத்தான் போனார்.

என்னால் முடியாததை என்னிடம் ஷேவ் செய்துகொள்ளும் ஒரு டாக்சி டிரைவர் செய்தார். அவரை நாங்கள் டாக்சி என்றே கூப்பிடுவோம். அவருடைய அக்கா, மாத்திரைகள் வருவதற்கு முன்பே அந்த நோயில் போய்விட்டவர். கடைசி நாட்களில் அக்காவின் தட்டை யாரும் தொடவில்லை, தானும் தொடவில்லை என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். முகத்தில் நுரை இருந்ததால் சொல்ல முடிந்திருக்கும். அவர் மாடியேறிப்போய்க் கையை நீட்டிவிட்டு வந்தார்.

அவரைப்போல இன்னும் சிலர். ஊசி போட்டுக்கொண்டு நேராக எங்கள் கடைக்கு வந்து சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டுவார்கள். நான் அளவுநாடா வைத்து அளப்பேன். வீங்கிய கைக்கு மருந்து, வீங்காத கைக்கு உப்புத்தண்ணீர் என்று தீர்ப்புச் சொல்வேன். நல்ல கூட்டம். ஒருநாள் டாக்டரம்மாவே படியிறங்கி வந்தார்.

"எதிர்த்தாப்புல இன்னொரு ஆராய்ச்சி மையம் நடக்குதாமே?"

"சின்ன அளவுலதாம்மா."

"உப்புத்தண்ணிக்கும் கை வீங்கும். மருந்துக்கும் வீங்காம இருக்கும். தனக்கு மருந்துதான்னு ஒருத்தர் நம்பி, எச்சரிக்கையை விட்டுட்டார்னா? நாளைக்கு அவருக்கு நோய் வந்தா, அது உங்க நாடாவால வந்ததா இருக்கும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. நான் நாடாவைச் சுருட்டி உள்ளே வைத்தேன். என் வாழ்க்கையில் ஒரு கதையைப் பாதியில் நிறுத்தியது அன்றைக்குத்தான். பின்னால் துண்டு மடித்துக்கொண்டிருந்த தம்பி அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

என் மனைவிக்குக் கண்ணில் புரை எடுக்கிற நாள் வந்தது. கடையைச் சாத்திவிட்டு, தம்பியை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது அவள் ஒரு கண்ணில் பெரிய கட்டு. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எதிர் நடைபாதைக்கு வந்ததும் நான் நின்றுவிட்டேன்.

நாற்காலிமேல் வெள்ளைத் துணி இல்லை. டாக்சி அதில் சாய்ந்திருந்தார். தம்பியின் இடது கை அவர் நெற்றியில் இருந்தது. வலது கையில் கத்தி.

"என்னங்க நின்னுட்டீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒத்தைக் கண்ணுலயே எனக்குத் தெரியுது. கொழுந்தனார் கத்தி எடுத்துட்டாரு."

"மெதுவாப் பேசு."

"நாம தெருவுக்கு இந்தப் பக்கம் நிக்கிறோம்."

"இருந்தாலும் மெதுவாப் பேசு."

ஒரு பஸ் வந்து மறைத்தது. அது போகும்வரை எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பஸ் நகர்ந்தபோது கத்தி தாடையின் வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே இழுப்பு. இலைமேல் தண்ணீர்ச் சொட்டு வழிவதுபோல. அத்தனை வருஷம் சும்மா இருந்த கை அது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"கண்ணுல தண்ணி படக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றாள் என் மனைவி.

"அப்போ அழாதே."

"நான் எங்க அழறேன்? உங்களைச் சொன்னேன்."

அவன் படிகாரம் தடவி முடிக்கும்வரை நின்றுவிட்டு, எதுவும் பார்க்காதவர்கள்போல் உள்ளே போனோம். டாக்சியின் முகம் பளிச்சென்றும் கண்கள் சிவந்தும் இருந்தன. விமானநிலைய வண்டி ஓட்டும் வேலைக்கு அவர் மனுப் போட்டிருந்தார். அங்கே ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. இருக்கிறது என்று வந்துவிட்டது.

"ஷேவ் பண்ணிக்கத்தான் வந்தாருண்ணே" என்றான் தம்பி. "வாசல்லயே நின்னாரு. 'பஞ்சு, எனக்கும் வந்துடுச்சு. இனிமே என்னை யார் தொடுவாங்க'ன்னு கேட்டாரு. வாங்க, நான் தொடறேன்னு உட்கார வெச்சேன். எங்க ரெண்டு பேருக்கும் இனி ஒருத்தரால ஒருத்தருக்கு என்ன பயம்?"

நான் டாக்சியைக் கூட்டிக்கொண்டு எதிர் மாடிக்குப் போனேன். டாக்டரம்மா அந்த ரிசல்ட்டைப் பார்த்தார், டாக்சியைப் பார்த்தார். "முதல் நாளே ஒரு அட்டை குடுத்தோமே. வெளியே எங்கேயும் இந்த டெஸ்ட் எடுக்காதீங்க, எடுக்கச் சொன்னா இதைக் காட்டுங்கன்னு. அது எங்கே?"

"வண்டியிலம்மா. கண்ணாடிக்கு மேல சொருகி வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"வெயில் அடிச்சுது."

அவர் வேறு ஒரு டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்தார். சாதாரண டெஸ்ட் கிருமியைத் தேடுவதில்லையாம். கிருமியை எதிர்க்க உடம்பு நிறுத்துகிற காவல்காரனைத்தான் தேடுமாம். ஊசியில் கிருமியே கிடையாது, அதன் சாயலில் செய்த ஒரு துண்டுதான் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்தே சில உடம்புகள் காவலுக்கு ஆளை நிறுத்திவிடும். காவல்காரனைப் பார்த்துவிட்டு, திருடன் வந்துவிட்டான் என்று டெஸ்ட் கூச்சல் போடுகிறது. இவர்கள் எடுத்தது திருடனையே தேடும் டெஸ்ட்.

சில நாளில் முடிவு வந்தது. திருடன் இல்லை. வேலை தருகிற இடத்துக்கு டாக்டரம்மா விவரம் எழுதி அனுப்பினார். டாக்சி தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன். தம்பி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ நான் நோயில்லாத ஆளையா ஷேவ் பண்ணேன்?"

அவன் டாக்சியின் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினான். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், தொண்டை, காதுமடல் வரை தேடினான். ஒரு கீறல் இல்லை. டாக்டரம்மா வந்து, கீறியே இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, உங்கள் மாத்திரை அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது, வேண்டுமானால் என் தலையை நீங்களே மொட்டையடியுங்கள் என்றார். தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அப்புறம் வெள்ளைத் துணியை எடுத்து நாற்காலிமேல் போர்த்தினான்.

"பஞ்சு, இது நியாயமில்ல" என்றார் டாக்சி. "உன் கை பட்டுப்போச்சு. இனிமே உங்க அண்ணன் கை எனக்கு உப்புத்தாள் மாதிரிதான் இருக்கும்."

எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கும் அது அப்படித்தான் இருக்கிறது.

தம்பி துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "உங்க உடம்புல அந்த மருந்து இருக்குன்னு இப்போ தெரிஞ்சுபோச்சு" என்றான். "ஊசி ஜெயிக்கட்டும். ஜெயிச்சா, முதல் ஆள் நீங்க. தைரியமா எடுப்பேன்."

"அப்போ நான்?" என்றேன்.

"நீ ரெண்டாவதுண்ணே. உனக்கு முதல்ல ஊசி போடணும், அதுக்கு முதல்ல உன் வயசு குறையணும்."

"அதுவரைக்கும் என் தாடிய எவனும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு டாக்சி கிளம்பினார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா, மருந்து இருப்பதும் பாதுகாப்பு இருப்பதும் ஒன்றில்லை என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார். டாக்சி அதற்கும் தலையாட்டினார்.

அந்தத் தாடியைப் பற்றி நான் என்ன சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. சோதனை முடிவதற்குள் அது மார்பைத் தாண்டியது. அவர் பிரேக் போட்டால் வண்டி நின்று, ஒரு நொடி கழித்துத்தான் தாடி நிற்கும். பின்சீட்டுக் குழந்தைகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் வளைவுகளில் உட்கார்ந்திருப்பார்கள். குளிர்காலத்தில் இரண்டு பயணிகளுக்கு அது போர்வையாக உதவியது. ஒரு போலீஸ்காரர் லைசென்ஸைப் பார்த்துவிட்டு, "படத்துல இருக்கறது உங்க பேரனா?" என்று கேட்டார்.

தம்பி மாறிப்போனான். கத்தியை எடுத்து எண்ணெய் போட்டு வைத்தான். நாற்காலியின் கிழிந்த மெத்தையைத் தைத்தான். அது சுற்றும்போது கீச்சிட்டது, அதைக் கழற்றிப் பூட்டினான். வேலையெல்லாம் முடித்த பிறகு துணியைப் போர்த்தினான். மத்தியான வேளையில், கடையில் ஆள் இல்லாதபோது, கதை கேட்டான்.

"ஊசி ஜெயிச்ச அன்னிக்கு என்ன ஆகும்ணே?"

இந்தத் தடவை எனக்கு வந்தது. சொன்னேன். அன்றைக்கு எதிர் மாடியிலிருந்து இறங்கும் வரிசை தெருமுனையைச் சுற்றிக் கடல்வரை போகும். கப்பல்காரர்கள் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு நீந்தி வருவார்கள். மாத்திரை டப்பாக்களில் ஜனங்கள் செடி வளர்ப்பார்கள். வேலை இல்லாமல் டாக்டரம்மா முதன்முறையாகத் தூங்குவார், மூன்று வாரம் யாரும் எழுப்ப மாட்டார்கள். வருஷக்கணக்காய்ப் பேசாத வீடுகளிலிருந்து அண்ணன்மார்களும் அக்காமார்களும் கதவைத் திறந்துகொண்டு வந்து, சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். டாக்சியின் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு வந்து நடு மேஜையில் உட்காருவாள்.

"அவங்கதான் செத்துப்போயிட்டாங்களேண்ணே."

"கதைதானேடா."

"சரி, சொல்லு. அப்புறம்?"

"அப்புறம் நான் அந்த நாற்காலியில சாய்வேன்."

"அது கதை இல்லை" என்றான். துண்டை மடித்து வைத்தான். நன்றாக மடித்திருந்ததைப் பிரித்து மறுபடி மடித்தான்.

சோதனை முடிவைச் சொல்ல, ஊசி போட்டுக்கொண்டவர்களை எல்லாம் ஒரு காலையில் மாடிக்குக் கூப்பிட்டார்கள். தம்பி வரவில்லை. "நீ போய்ட்டு வாண்ணே. நான் தண்ணி சுட வெக்கறேன்" என்றான். நான் வாசலில் தயங்கியபோது டாக்டரம்மா, "நாப்பத்தொன்பது வயசுக்காரர் பின்னால உட்காரலாம்" என்றார். அவர் சிரித்துக்கொண்டு அதைச் சொல்லவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"ஊசி யாருக்கும் கெடுதல் பண்ணலை" என்று ஆரம்பித்தார். "ஆனா காப்பாத்தவும் இல்லை. நோய் வந்தவங்க, மருந்து போட்டவங்கள்ல எவ்வளவோ, உப்புத்தண்ணி போட்டவங்கள்லயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சோதனையை நிறுத்தறோம்."

ஒரு பெண், "ஏன் டாக்டர்?" என்று கேட்டாள். குழந்தை கேட்பதுபோலக் கேட்டாள்.

"திருடனோட போட்டோவைக் காவல்காரனுக்குக் காட்டி வெச்சோம். இவன் வந்தா விடாதேன்னு. ஆனா இந்தத் திருடன் ஓயாம முகத்தை மாத்திக்கறான். இன்னிக்கு மீசை, நாளைக்கு தாடி, நாளன்னிக்கு ரெண்டும் இல்லை. காவல்காரன் போட்டோவை வெச்சுக்கிட்டு அங்கேயே நிக்கிறான்."

"எந்தக் கடைக்குப் போறானாம்?" என்று என் வாய் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் வரவில்லை.

"நீங்க கையை நீட்டினதால ஒரு வழி அடைப்புன்னு தெரிஞ்சுது. அதுவும் தெரிய வேண்டியதுதான்" என்றார் டாக்டரம்மா. தன் கையிலிருந்த பேனாவை மூடித் திறந்து மூடினார். அடுத்தது எப்போது என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்றார். அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

தெருவைக் கடப்பதற்கு எனக்கு ரொம்ப நேரமானது. டாக்சி தாடியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி கூடவே வந்தார். தம்பி வாசலில் நின்றிருந்தான். தோளில் புதுத் துண்டு.

"ஜெயிச்சுதா?"

"இல்லடா."

"விளையாடாதண்ணே."

"இல்லடா. தோத்துடுச்சு."

"நீ புளுகும்போது முகம் மாறாம சொல்லுவே. இப்பவும் மாறலையே."

"என்கிட்ட இருக்கறது இந்த ஒரு முகம்தான்டா."

அவன் டாக்சியைப் பார்த்தான். டாக்சி தலையை அசைத்தார். அப்போதுதான் நம்பினான். சொந்தத் தம்பி, என்னை நம்பாமல் தாடியை நம்பினான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் போய் அடுப்பை அணைத்தான். டிராயரை மூடப் போனான். அதற்குள் டாக்சி நேராக நடந்துபோய், நாற்காலிமேலிருந்த வெள்ளைத் துணியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, உட்கார்ந்துவிட்டார்.

"உட்காராதீங்க. நான்தான் சொன்னேனே" என்றான் தம்பி.

"ஊசி ஜெயிச்சாத்தான்னு நீ சொன்னே பஞ்சு. நான் சொல்லலை. எனக்கு அக்கா தட்டுதான் ஞாபகம் வருது. நான் எழுந்திருக்கறதா இல்லை."

"கத்தி எடுக்க மாட்டேன்."

"எடுக்காதே. இந்தத் தாடிய வெச்சுக்கிட்டு நான் வண்டி ஓட்டணும், அவ்வளவுதான். உன்னால எது முடியுமோ அதைப் பண்ணு."

தம்பி நின்றான். கடைக்கு வெளியே ஒரு பஸ் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. பிறகு அவன் இடது கையை எடுத்து டாக்சியின் நெற்றியில் வைத்தான். டாக்சி பெருமூச்சு விட்டார். தம்பி வலது கையால் கத்தரிக்கோலை எடுத்தான். தாடி கொத்துக் கொத்தாக விழுந்தது. கூட்டிய பிறகு அதில் இரண்டு தலையணை தைத்தோம் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஒன்றுதான் தைத்தோம். கத்தரித்து முடித்ததும் பிரஷை எடுத்தான், நுரை போட்டான், காதுவரை அழகாகத் தடவினான். கத்திப்பிடியை எடுத்துப் புது பிளேடைப் பொருத்தினான். அதைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

அங்கேயே நின்றது. ஈ கூடப் பறக்கவில்லை.

அவன் திரும்பி, கத்தியை என் உள்ளங்கையில் வைத்தான். "மிச்சத்தை நீ போடுண்ணே. அடுத்த ஊசி வரட்டும்."

அன்றிலிருந்து எங்கள் கடையில் ஒரு முகத்துக்கு இரண்டு பேர். கத்தரிக்கோலும் நுரையும் அவன், கத்தி நான். வெள்ளைத் துணியை என் மனைவி மேஜைவிரிப்பாக்கிவிட்டாள். கண் தெளிவாகத் தெரிய ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு எல்லாவற்றிலும் அழுக்குத் தெரிகிறது.

காலையில் கடை திறப்பதற்கு முன்னால் நான் மறுபடி அவன் நாற்காலியில் போய்ச் சாய்கிறேன். நெற்றியில் கை வைக்கிறான். நுரை போடுகிறான். அப்புறம் டிராயர் திறக்கும் சத்தம் கேட்கும். புது பிளேடின் காகிதம் சரசரக்கும். நான் கண்ணைத் திறப்பதில்லை. சில நாள் அவன் நிற்கிற நேரம் கூடிக்கொண்டே போகும். கன்னத்தில் நுரை காய்ந்து இழுக்கும்வரை காத்திருப்பேன். கடைசியில் கத்தி என் உள்ளங்கைக்கு வரும். அவன் கண்ணாடியைப் பிடித்துக்கொள்வான், தாடைக்குக் கீழே விட்டுப்போகிற நாலு முடியை விரலால் காட்டுவான்.

இன்று காலையில் நான் நுரையோடு சாய்ந்திருந்தபோது டாக்டரம்மா கதவைத் தட்டிவிட்டு வந்தார். வேறு ஒரு ஊசி, வேறு ஒரு வழி, கொஞ்ச நாளில் ஆரம்பிக்கிறார்களாம். ஜெயிக்குமா என்று தம்பி கேட்டான். தெரியாது என்றார். அவருக்கு அந்தப் பதிலைச் சொல்லிப் பழக்கமாகிவிட்டது, எங்களுக்கும் கேட்டுப் பழக்கமாகிவிட்டது. ஆனாலும் தம்பியின் கை என் நெற்றியில் கொஞ்சம் அழுந்தியது.

"தொண்டர்களை எடுக்கறீங்களாம்மா?" என்றேன்.

"எடுக்கறோம். உங்களுக்கு வயசு?"

"நாப்பத்தொன்பது."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க."

"ஊசி ஜெயிக்கிற வரைக்கும் இதேதாம்மா."

"வாயை மூடுண்ணே" என்றான் தம்பி. "நுரை உள்ளே போயிடும்."